சாவியை எடுத்த பிறகும் நிற்காத புகை

நான் மின்சாரம் படித்தவன் அல்லன். கூட்டுறவு வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு சேலம் அஸ்தம்பட்டியில். என் மனைவிக்குத் தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் உண்டு. இரவில், மூச்சுக்குழாய் அடைபடாமல் காற்றை அழுத்திச் செலுத்தும் சிபாப் கருவியின் முகமூடி இல்லாமல் அவர் படுக்க முடியாது. மின்சாரம் இல்லாத இடத்தில் ஓர் இரவு தங்குவது என்பது எங்களுக்குப் பத்தாண்டுகளாக நினைத்துப் பார்க்க முடியாத காரியமாக இருந்தது. ஓய்வூதியப் பணத்தின் ஒரு பகுதியில் டிராவல்ஸ் நடத்தியவர் ஒருவரிடமிருந்து பழைய வேன் ஒன்றை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போட்டதற்கு அதுதான் காரணம். ஏற்காட்டுக் காற்றில் அவர் ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு வேனில் இரண்டாவது பேட்டரி ஒன்று வேண்டும். அந்தப் பேட்டரிக்கு வயர் இழுத்ததில் நான் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். யாராவது முன்பே ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது.

வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். வயரிங்குக்கு நகரில் பெயர் பெற்ற ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரிடம் வண்டியை விட்டேன். அவர் கூலியும் பொருளுமாக 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார். முன்னால் இருக்கும் வண்டி பேட்டரியிலிருந்து ஒரு ரிலே, அதாவது சிக்னல் வந்தால் தானே சேரும் சுவிட்ச், ரிலேயிலிருந்து வீட்டு வயரிங்கில் போடும் 6 ஸ்கொயர் (6 சதுர மில்லிமீட்டர்) வயர், அது வண்டிக்கு அடியில் ஆறு மீட்டர் தூரம் ஓடிக் கட்டிலுக்குக் கீழே இருக்கும் பேட்டரிக்கு வந்து சேர்ந்தது. மைனஸுக்குத் தனி வயர் இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு போல்ட்டில் பாடி எர்த் கொடுத்துவிட்டார், அதாவது வண்டியின் இரும்பு உடலையே திரும்பும் வயராக்கிவிட்டார். ஃபியூஸ் எங்கே என்று நான் கேட்டேன். கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. “பத்து வருஷமா இப்படித்தாங்க போட்டுத் தர்றேன். ஒண்ணும் ஆகாதுங்க சார். ஃபியூஸ் போட்டா அதுதான் அடிக்கடி தொல்லை கொடுக்கும்” என்றார். அனுபவம் உள்ளவர் சொல்கிறார் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

முதல் பயணம் டிசம்பரில். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, நாகலூர் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் அனுமதி பெற்று வண்டியை நிறுத்தினோம். நல்ல குளிர். மனைவி பத்து மணிக்கு முகமூடி மாட்டிக்கொண்டு படுத்தார். இரண்டரை மணிக்கு இன்வெர்ட்டர் கூவத் தொடங்கியது. சில நிமிடங்களில் நின்றுவிட்டது. அவர் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. விடியும் வரை அவர் சாய்ந்தபடியே விழித்திருந்தார், நானும் தூங்கவில்லை. கைப்பேசியில் சார்ஜ் இல்லாததால் சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து, முன்னால் இருக்கும் சாக்கெட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் போட்டிருந்தேன். காலையில் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. தோட்டத்து ஜீப்பிலிருந்து ஜம்ப் கேபிள் போட்டுத்தான் கிளப்ப முடிந்தது.

அந்த இரவில் தோற்றது இரண்டு விஷயங்கள். இரண்டையும் பிறகுதான் பிரித்துப் பார்க்கத் தெரிந்தது. முதலாவது, வெறும் கணக்கு. சிபாப் கருவியை, காற்றை ஈரமாக்கும் நீராவித் தொட்டியின் சூட்டோடு இன்வெர்ட்டர் வழியாக ஓட்டும்போது, பேட்டரியிலிருந்து ஐந்தரை ஆம்பியர் அளவுக்கு இழுத்தது. எட்டு மணி நேரத்துக்கு 44 ஆம்பியர்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது என்பதால் 150 என்று எழுதியிருப்பதில் பயன்படுவது 75தான். அது நிறைந்திருந்தால் போதுமானதுதான், ஆனால் நிறைந்திருக்கவில்லை. சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரப் பயணம். உச்சபட்சமாக 20 ஆம்பியர் போனாலும், அந்த ஒரு மணி நேரத்தில் 20 ஆம்பியர்-மணிதான் ஏறும். வண்டி ஓடினால் பேட்டரி நிறைந்துவிடும் என்று நான் நம்பியது நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்துக்குத்தான் பொருந்தும். நம் மலைக்குப் பொருந்தாது. ஆகவே கிளம்பும் முன்பு வீட்டிலேயே கரண்டில் போட்டு முழுதாக ஏற்றிக்கொண்டு போவதுதான் முதல் வழி. இரண்டாவது வழி, செலவைக் குறைப்பது. எங்கள் கருவி உண்மையில் 24 வோல்ட் டிசியில், அதாவது பேட்டரி தருவது போன்ற ஒரே திசை மின்சாரத்தில், இயங்குவது. பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டு மின்சாரம் போன்ற 230 வோல்ட் ஏசியாக்கி, பிறகு அதை அடாப்டர் வழியாக 24 வோல்ட்டாக இறக்குவது வீண் வேலை. 12-லிருந்து 24-க்கு ஏற்றும் சிறு கன்வெர்ட்டரைப் போட்டு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு நீராவிச் சூட்டை நிறுத்திய பிறகு, அதே எட்டு மணி நேரத்துக்கு 15 ஆம்பியர்-மணிக்குள் அடங்குகிறது. வயரைத் தொடுவதற்கு முன்பு இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், அவ்வளவு பெரிய பேட்டரியே வாங்கியிருக்க மாட்டேன்.

அந்த இரவில் தோற்ற மற்றொன்று ரிலே. எலக்ட்ரீசியன் அதைச் சாவியோடு இணைத்திருந்தார். சாவியை ‘ஆன்’ செய்தால் என்ஜின் ஓடாவிட்டாலும் இரண்டு பேட்டரிகளும் ஒன்றாகிவிடும். காலியான பின் பேட்டரி, நிறைந்திருந்த முன் பேட்டரியையும் தன்னோடு இழுத்துக்கொண்டது. ரிலே எப்போதும் என்ஜின் ஓடும்போது மட்டுமே சேர வேண்டும். அதற்கு, என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் சார்ஜ் விளக்கு வயரிலிருந்து சிக்னல் எடுக்கலாம். அல்லது வோல்டேஜைப் பார்த்துத் தானே சேர்ந்து பிரியும் ரிலேயைப் போடலாம். அந்த வகை பெரும்பாலும் 13.3 வோல்ட் வந்தால் சேரும், 12.8-க்கு இறங்கினால் பிரியும். புதிய பிஎஸ்-6 வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: அவற்றில் பலவற்றின் ஆல்டர்னேட்டர், எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக வோல்டேஜைத் தானே ஏற்றி இறக்கும். அங்கே இந்த ரிலே ஒழுங்காக வேலை செய்யாது.

ஊர் திரும்பியதும் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். இந்த விவகாரம் முழுவதிலும் நான் செய்த பயனுள்ள செலவு அந்த 900 ரூபாய்தான். என்ஜினை ஓடவிட்டு அளந்தபோது முன் பேட்டரியில் 14.2 வோல்ட், பின் பேட்டரியில் 13.2. ஒரு முழு வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருந்தது. டியூபுலர் பேட்டரி நிறைய 14.4 வோல்ட் அளவில் வேண்டும், 13.2-ல் அது பல மணி நேரம் கிடந்தாலும் அரைகுறையாகவே இருக்கும், அப்படியே விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டுப்போகும். வோல்ட் எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிப்பது எளிது: மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கும்போது மீட்டரின் ஒரு முனையை வயரின் இந்தப் பக்கமும், மறுமுனையை அதே வயரின் அந்தப் பக்கமும் வைக்க வேண்டும். மீட்டர் காட்டும் எண்தான் அந்த வயர் விழுங்கும் வோல்ட். பிளஸ் வயர் 0.35 விழுங்கியது. பாடி எர்த் 0.65. பெயின்டின் மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தார்கள், சுற்றிலும் துரு. எல்லோரும் பிளஸ் வயரை மட்டும் பார்க்கிறார்கள். போன மின்னோட்டம் அவ்வளவும் திரும்பி வந்தாக வேண்டும் என்பதை நானும் அதுவரை யோசித்ததில்லை.

மறுபடி அதே எலக்ட்ரீசியனிடம் போனேன். எர்த் போல்ட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து கொடுத்தார், ரிலேயின் சிக்னலையும் மாற்றினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன். மீட்டரால் அளந்த நான், வண்டிக்கு அடியில் குனிந்து அந்த வயர் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு முறை பார்க்கவில்லை. இன்றும் என்னை உறுத்துவது அதுதான்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், மனைவியை அழைத்துப்போகும் முன்பு இடம் பார்த்து வரலாம் என்று தனியாக ஏற்காடு போய்விட்டு, மாலையில் இறங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று வளைவுகளாகவே பிளாஸ்டிக் கருகும் வாடை இருந்தது. பிரேக் சூடாகிறது என்று நினைத்தேன். ஒரு வளைவைத் திரும்பியபோது டாஷ்போர்டு விளக்குகள் மங்கின. கண்ணாடியில் பார்த்தால் கட்டிலுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை. மலைப்பக்கமாக ஒதுக்கி, கியரில் போட்டு என்ஜினை நிறுத்தி, சாவியை உருவிவிட்டேன். புகை நிற்கவில்லை. சாவி என் கையில் இருக்கிறது, என்ஜின் ஓடவில்லை, ஆனாலும் வண்டி எரிந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் வந்த பயத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. டாஷ்போர்டில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது. முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றினேன். பின்னால் புகை அப்படியேதான் இருந்தது. பின் பேட்டரியோ, அழகுக்காக நான் செய்யச் சொன்ன பிளைவுட் பெட்டிக்குள், நான்கு ஸ்க்ரூ போட்டு மூடிக் கிடந்தது. ஜாக்கி கம்பியால் நெம்பி உடைத்து, கையைச் சுட்டுக்கொண்டு, அதன் மைனஸைக் கழற்றிய பிறகுதான் அடங்கியது. பின்னால் வந்த கார் ஓட்டுநர் ஒருவர் தன் தீயணைப்பானைக் கொண்டு வந்து, கருகிக்கொண்டிருந்த தரைப் பலகையில் அடித்தார். என் வண்டியில் தீயணைப்பான் இல்லை. அன்று மனைவி அந்தக் கட்டிலில் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு பல வாரங்கள் என்னைத் தூங்கவிடவில்லை.

நடந்தது இதுதான். அந்த வயர் சேஸிஸின் ஒரு குறுக்குச் சட்டத்தின் கூர்மையான விளிம்பில், ரப்பர் புஷ்ஷோ குழாயோ இல்லாமல் கேபிள் டை போட்டுக் கட்டப்பட்டிருந்தது. மலைப்பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் குலுங்கிக் குலுங்கி, அந்த விளிம்பு இன்சுலேஷனை அறுத்துவிட்டது. செம்பு இரும்பைத் தொட்டதும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ரிலேயின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டி உருகிவிட்டன. அதனால் சாவியை எடுத்தும் அது பிரியவில்லை. ரிலே பிரிந்திருந்தாலும் புகை நின்றிருக்காது என்பதைத்தான் படிப்பவர்கள் மனதில் வைக்க வேண்டும். சாதாரண வயருக்கு ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் விளக்கோ விசிறியோ இருக்கும். பேட்டரிப் பக்கம் துண்டித்தால் வயர் செத்துவிடும். இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே ஓடும் வயருக்கு இரண்டு பக்கமும் பேட்டரி. எந்தப் பக்கத்தைத் துண்டித்தாலும் மறுபக்கத்திலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். ஆகவே ஃபியூஸ் இரண்டு வேண்டும். முன் பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்தில் ஒன்று, பின் பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்தில் ஒன்று. பக்கம் என்றால் ஒரு சாண் தூரத்துக்குள். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருக்கும் துண்டு வயரைக் காப்பாற்ற எதுவும் இல்லை என்பதால், அந்தத் துண்டு எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. ஃபியூஸ் காப்பது வயரைத்தான் என்பதும் அப்போதுதான் புரிந்தது. வழக்கமாக ஓடும் மின்னோட்டத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவும், அந்த வயர் தாங்கும் அளவைவிடக் குறைவாகவும் அதன் அளவு இருக்க வேண்டும்.

ஃபியூஸுக்குப் பதிலாக வீட்டில் போடும் எம்சிபியை (மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழும் சுவிட்சை) போடலாம் என்று எனக்குப் பலர் சொன்னார்கள். வேண்டாம். வீட்டு ஏசி மின்சாரம் ஒரு நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால், சுவிட்ச் பிரியும்போது எழும் தீப்பொறி தானாக அணைந்துவிடும். பேட்டரியின் டிசிக்கு அந்த இடைவெளி கிடையாது. பொறி எளிதில் அணையாது. டிசிக்கென்று செய்யப்பட்ட, போல்ட் போட்டு முறுக்கும் ஃபியூஸ்களையே வாங்க வேண்டும்.

பண நஷ்டத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பேட்டரி 18,000, முதல் வயரிங் 6,500, மலையிலிருந்து வண்டியை இழுத்து வர 4,500, உருகிப்போன முன்பக்க வயரிங்கைச் சரிசெய்ய 11,000, தரைப் பலகையும் மெத்தையும் 7,000. வண்டியில் செய்த மாற்றங்களை நான் இன்சூரன்ஸில் தெரிவித்திருக்கவில்லை என்பதால் இழப்பீடு கேட்கவும் துணியவில்லை. மாற்றங்களைப் பற்றி மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பேசுகிறது. இருக்கையைக் கழற்றும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுக்கொள்வது நல்லது. நான் பின்னால்தான் அலைந்தேன்.

இரண்டாம் முறை வயரை நானே இழுத்தேன். அதிலும் ஒரு தவறு நடந்தது. வெல்டிங் கேபிள் நல்ல தடிமனாக இருக்கும் என்று கேட்டு 1,400 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். தூக்கும்போதே எடை குறைவாகத் தோன்றியது. ஓர் இழையை பிளேடால் சுரண்டியதும் உள்ளே வெள்ளையாக இருந்தது. அலுமினியத்தின் மேல் செம்பு முலாம். அலுமினியம், செம்பு கடத்துவதில் அறுபது சதவீத அளவுக்குத்தான் கடத்தும். கேபிள் முனையில் போல்ட் மாட்டுவதற்குப் பொருத்தும் உலோக லக்கில் அமுக்கினால் நாளடைவில் தளர்ந்து சூடாகும். கடையிலேயே ஓர் இழையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள், கடைக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பிறகு 25 ஸ்கொயர் செம்பு கேபிள் 13 மீட்டர், மீட்டர் 400 ரூபாய்க்கு வாங்கினேன். ஏன் 25 என்றால், போக ஆறு வர ஆறு ஆகப் பன்னிரண்டு மீட்டருக்கு 40 ஆம்பியர் ஓடும்போது அது மூன்றில் ஒரு வோல்ட்தான் விழுங்கும். பழைய 6 ஸ்கொயர் வயராக இருந்தால் ஏறத்தாழ 1.4 வோல்ட் போயிருக்கும். மைனஸுக்கும் தனிக் கேபிள் போட்டுவிட்டேன்.

லக் அடிப்பதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சுத்தியலால் தட்டிய லக்கும், ஈயப்பற்று வைத்த லக்கும் வண்டிக்கு உதவாது. ஈயம் இழைகளுக்குள் ஊறி வயரை விறைப்பாக்கிவிடும். குலுக்கலில் அந்த இடத்திலேயே முறியும். சங்ககிரியில் தெரிந்த லாரிப் பட்டறை ஒன்றில் ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி இருந்தது. கேபிளை அளந்து வெட்டிக்கொண்டு போய், அங்கே எட்டு லக்குகளையும் அமுக்கி வாங்கி வந்தேன். அந்தப் பட்டறையில் இருந்த பெரியவர், ஒவ்வொன்றையும் காலால் மிதித்துக்கொண்டு இழுத்துப் பார்த்த பிறகுதான் கொடுத்தார். இந்த முறை கேபிளை வண்டிக்கு அடியில் விடவில்லை. உள்பக்கமாக, ஜன்னலுக்குக் கீழே நெளிவுக் குழாய்க்குள் விட்டு, ஒரு முழ தூரத்துக்கு ஒரு கிளிப் வைத்து, தகட்டைத் துளைத்துப் போகும் இடங்களில் எல்லாம் ரப்பர் புஷ் போட்டேன். டீசல் குழாயும் சைலன்சரும் இருக்கும் பக்கத்தைத் தவிர்த்தேன். மூன்று வாரம் ஆனது. எலக்ட்ரீசியன் ஒரே நாளில் முடித்த வேலை அது.

பேட்டரியையும் மாற்றினேன். திரவ அமிலம் உள்ள டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும். காற்றில் அது நான்கு சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். நான் அதைக் காற்றோட்டமில்லாத பெட்டியில் அடைத்து, மூச்சுக்குப் போராடும் மனைவியை அதன் மேல் படுக்க வைத்திருந்தேன். இப்போது இருப்பது 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 34,000 ரூபாய். ஐம்பது கிலோவுக்கு மேல் இருந்த இடத்தில் பன்னிரண்டு கிலோ. இதை வெறும் ரிலேயால் ஆல்டர்னேட்டரோடு சேர்த்தால் கட்டுப்பாடில்லாமல் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும் என்பதால், நடுவே 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்றை 24,000-க்கு வாங்கிப் பின் பேட்டரியின் அருகில் வைத்தேன். முன்னால் எவ்வளவு வோல்டேஜ் வந்தாலும், பின்னால் பேட்டரிக்கு வேண்டியதை அது சரியாகக் கொடுக்கிறது. அது உள்ளே 40 ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால், கேபிளின் இரு முனைகளிலும் 60 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ்களும் அவற்றின் தாங்கிகளும் 3,800, வீட்டில் ஏற்றும் சார்ஜர் 6,000. பணம் குறைவாக இருப்பவர்கள் சிறிய பேட்டரி வாங்கலாம், டிசி-டிசி சார்ஜரைப் பிறகு வாங்கலாம், வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு போகலாம். ஃபியூஸில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் அரை மணி நேரம் என்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு லக்கையும் கையால் தொட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. நட்டை இன்னும் கால் சுற்று முறுக்கியதும் குளிர்ந்தது. முதல் மூன்று மலைப்பயணங்களுக்குப் பிறகும் இதையே செய்தேன், இரண்டு நட்டுகள் தளர்ந்திருந்தன.

அடுத்த டிசம்பரில் அதே நாகலூர் தோட்டத்துக்குப் போனோம். மனைவி ஆறரை வரை தூங்கினார். காலையில் பேட்டரியில் 80 சதவீதத்துக்கு மேல் மீதி இருந்தது. பேட்டரிக்கு இப்போது பெட்டியும் இல்லை, ஸ்க்ரூவும் இல்லை. கதவைத் திறந்ததும் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சிவப்புத் துண்டிப்பு சுவிட்ச், பக்கத்தில் கயிற்றில் கட்டிய பத்தாம் நம்பர் ஸ்பேனர், காலடியில் தீயணைப்பான். கிளம்பும் முந்தைய நாள் இரவு, வீட்டு வாசலில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கட்டிலில் படுத்திருந்த மனைவியை எழுந்து போய் சுவிட்சைத் திருப்பி, முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றச் சொன்னேன். முதல் முறை மூன்று நிமிடம் ஆனது. நான்காம் முறை ஒரு நிமிடத்துக்குள் முடித்தார்.